நிழலில் தேறும் வெண்பைன்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வரம்பற்ற மரவெட்டும், அதையடுத்துப் பரவிய காட்டுத்தீயும் வெண்பைன் காடுகளில் பெரும்பகுதியை அழித்துவிட, அந்நிலத்தில் ஆஸ்பென், பிர்ச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள் பரவின. விதை உதிர்க்கத் தாய்மரம் இல்லாத இடங்களில் வெண்பைன் தானாக மீள்வது அரிது என்பதால், நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை அம்மரங்களின் அடியிலேயே நடும் முறை அங்கு கையாளப்படுகிறது. இதைக் கீழ்நடவு எனலாம்.

நடுவதற்கு முன், நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுவதுபோல, மேலடுக்கு மரங்களில் ஒரு பகுதி வெட்டி அகற்றப்படுகிறது. வெண்பைன் கன்று உயிர்தரிக்க முழு வெயிலில் ஏறத்தாழ 20 விழுக்காடாவது தேவை. 45 விழுக்காடு கிடைத்தாலே அதன் உயர வளர்ச்சி திறந்த வெளியில் உள்ளதற்கு ஈடாகிவிடும். மேலடுக்கை முழுவதும் வெட்டினாலோ, ஆஸ்பென் வேர்களிலிருந்து வெடித்துக் கிளம்பும் பக்கக்கன்றுகள் விரைந்து உயர்ந்து, நட்ட கன்றுகளை மூடிவிடும்.

எஞ்சும் நிழல் காவலாகவும் அமைகிறது. வெண்பைன் கூன்வண்டு வசந்தத்தில் மரத்தின் உச்சித்தண்டில் முட்டையிட, புழுக்கள் பட்டையின் உட்புறத்தைத் தின்றபடி கீழிறங்குவதால் உச்சி வளைந்து காய்கிறது. பின்னர் பக்கக்கிளைகள் மேலெழும்ப, தண்டு கோணலாகிறது அல்லது கவட்டையாகப் பிரிகிறது. வெயிலில் தடித்து வளரும் உச்சித்தண்டையே இவ்வண்டு விரும்புவதால், நிழலில் மெலிந்த தண்டுடன் வளரும் கன்றுகள் பெரும்பாலும் தப்புகின்றன. ஐரோப்பாவிலிருந்து 1900 வாக்கில் நாற்றுகளுடன் வந்து சேர்ந்த கொப்புளத் துரு நோயின் பூஞ்சை, கரன்ட், கூஸ்பெர்ரி போன்ற செடிகளில் ஒரு பருவத்தைக் கழித்துவிட்டு, ஈரமான ஊசியிலைகள் வழியே பைனுக்குள் நுழைகிறது. மேலே கிளைகள் கவிந்திருந்தால் ஊசியிலைகளில் பனித்துளி படிவது குறைவதால், தொற்றும் குறைகிறது.

நிழலால் தடுக்க முடியாத எதிரி வெள்ளைவால் மான். குளிர்காலத்தில் அது நுனிமொட்டைக் கடித்துவிடாதபடி, இலையுதிர் காலந்தோறும் சிறு காகிதத் துண்டை மொட்டைச் சுற்றி மடித்து, சில ஊசியிலைகளையும் சேர்த்து ஸ்டேப்ளரால் பிணைக்கின்றனர். மானுக்கு எட்டாத உயரத்தை நுனி அடையும்வரை இது தொடர்கிறது.

அடித்தண்டு சுமார் 5 மீட்டர் வரை நேராக உயர்ந்தபின், அதாவது மிகுந்த விலை பெறும் முதல் மரத்துண்டு உருவான நிலையில், மேலடுக்கு மரங்கள் அகற்றப்படுகின்றன. அப்போது மரம் சாயும் திசையையும் அதை இழுத்துச் செல்லும் வழியையும் முன்னரே குறித்துக்கொள்ளாவிட்டால், நிழல் காத்துத் தந்த இளமரங்கள் வெட்டும் வேலையிலேயே முறிந்துபோகும்.