சிக்கன் மஞ்சூரியன்: பிளேட் 180 ரூபாயா, 70 ரூபாயா?

சனிக்கிழமை சம்பளம் வந்ததும் முதல் செலவு சிக்கன் மஞ்சூரியனா? அது சீனாவுல பிறந்த டிஷ் இல்லைங்க. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் மும்பையில் உருவாக்கியது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோட கரம் மசாலாவுக்குப் பதிலா சோயா சாஸ், கூடவே கார்ன்ஃப்ளார். அவ்வளவுதான் ரகசியம்!

இப்போ கணக்குக்கு வருவோம். கடையில பிளேட் 180 ரூபாய், வாரம் 2 பிளேட்னு வச்சுக்குங்க. 4 வாரத்துக்கு 1,440. வீட்டுல அரை கிலோ போன்லெஸ், சாஸ், எண்ணெய், கேஸ் சேர்த்து 210 ஆகி, 3 பிளேட் வந்தா, பிளேட் 70 ரூபாய்தான். 8 பிளேட்டுக்கு 560. மிச்சம் 880. உங்க ஏரியா ரேட்டைப் போட்டும் பாருங்க.

பாத்திரத்துக்கே பேர்போன அனுப்பர்பாளையத்துல கடாய்க்கா பஞ்சம்? சிக்கனை முட்டை, கார்ன்ஃப்ளார், கொஞ்சம் மைதாவில் பிரட்டி, கொஞ்சம் கொஞ்சமா பொரிங்க. மொத்தமா கொட்டினா எண்ணெய்ச் சூடு இறங்கி மொறுமொறுப்பு போயிடும். சோயா சாஸ்லயே உப்பு இருக்கு. ருசி பார்த்துட்டு உப்பு போடுங்க. கடைசியில, பச்சைத் தண்ணியில கரைச்ச கார்ன்ஃப்ளாரை ஊத்தினா கிரேவி கெட்டியாகும்.

ஓ.டி. முடிச்சு வர்ற ராத்திரி கடையிலயே வாங்குங்க, தப்பில்லை. ஆனா வீட்டுல சமைச்ச அன்னைக்கே, மிச்சமான காசை ஆர்.டி.க்குன்னு தனியா ஒதுக்குங்க. மாசம் 880-னா வருஷத்துக்கு 10,560, வட்டி தனி. அக்கவுண்ட்லயே விட்டா அது சேமிப்பு இல்லைங்க, அடுத்த செலவுக்கான காசு!