முகப்பரு வடுச் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

முகப்பரு வடுக்களைக் குறைப்பதற்கு இன்று கையாளப்படும் சிகிச்சைகளுள் எது சிறந்தது என்னும் வினா பரவலாக எழுப்பப்படுகின்றது. வடுவின் வடிவத்தையும் தோலின் நிறத்தையும் விலக்கிவிட்டு இவ்வினாவுக்கு விடை காணமுடியாதென்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவதாகும்.

பரு அழற்சியின்போது உட்டோலின் கொலாஜன் நார்கள் சிதைவதாற் பள்ள வடுக்கள் தோன்றுகின்றன. 2001இல் முன்வைக்கப்பட்ட பாகுபாடு இவற்றை மூவகைப்படுத்தும்: ஊசிக்குத்துப்போற் குறுகி ஆழ்ந்தவை, செங்குத்தான விளிம்புடைய குழிகள், அலைபோல் தாழ்ந்தவை. அலைவடுக்களின் அடியில் தோலைக் கீழிழுக்கும் நார்க்கட்டுகள் உள. அவற்றை ஊசியால் அறுத்துத் தோலை விடுவிக்கும் முறையை அமெரிக்க வைத்தியர்கள் 1995இல் விவரித்தனர். ஊசிக்குத்து வடுக்களுள் மட்டும் செறிந்த முக்குளோரோ அசற்றிக்கமிலத்தை இடும் முறையைக் கொரிய வைத்தியர்கள் 2002இல் வெளியிட்டனர். ஆழமற்ற குழிகளுக்கோ, ஜெர்மானியரான குரோமயர் 1905இல் தொடக்கிவைத்த தேய்ப்புமுறையும், பின்வந்த காபனீரொட்சைட்டு லேசரும் பயன்பட்டன. இவ்விரண்டும் மேற்றோலை முழுமையாக அகற்றுவன.

இவ்விடத்திலேதான் நிறம் குறுக்கிடுகின்றது. மெலனின் மிகுந்த தோலிற் காயமும் வெப்பமும் நிறமிக் கலங்களைத் தூண்டுகின்றன. எனவே பள்ளம் குறைந்தபோதும் மாதக்கணக்கில் நீடிக்கும் கருமை எஞ்சக்கூடும். 2004இல் அறிமுகமான பகுதிமுறை லேசர், நுண்புள்ளிகளுக்கிடையே நலமான தோலை விட்டுவைப்பதால் இவ்வபாயத்தைக் குறைத்தது, நீக்கிவிடவில்லை. வெப்பமின்றி நுண்ணூசிகளாற் கொலாஜனைத் தூண்டும் முறையில் மேற்றோல் பெரும்பாலும் காக்கப்படுவதாற் கருமை படரும் வாய்ப்பு ஒப்பளவிற் குறைவு.

தோல்வகைகளைப் பிரித்தறியும் அளவுகோலின் வரலாறும் நோக்கத்தக்கது. புறவூதாக்கதிர்ச் சிகிச்சையின் அளவை நிர்ணயிப்பதற்காகத் தோமஸ் பிற்ஸ்பற்றிக் 1975இல் அதனை வகுத்தபோது வெண்டோலின் நால்வகைகளே அதில் இடம்பெற்றன. கபிலத் தோலும் கருந்தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. வெண்டோலிற் கிட்டிய பெறுபேற்றை நம்மவர் முகங்களுக்கும் அப்படியே உரியதாகக் கொள்ளல் விஞ்ஞானமாகாது.

ஆகவே, விலையுயர்ந்த கருவியே உயர்ந்த சிகிச்சை என்னும் சந்தை நியாயத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரே முகத்தில் மூவகை வடுக்களும் இருத்தல் இயல்பாதலின் முறைகளை இணைத்தே கையாளவேண்டும்; வெயிலிலிருந்து தோலைக் காத்தலும் இன்றியமையாதது. எம்முறையும் வடுவை முற்றாக அழிப்பதில்லை என்னும் உண்மை, பணம் பெறுமுன்னரே நோயாளிக்கு உணர்த்தப்படல் வேண்டும். யாவற்றினும் மேலாக, வடு தோன்றாமற் காப்பதே எளிது. பென்சோயில் பேரொட்சைட்டு, ரெற்றினொயிட்டுப் பூச்சுகளால் ஆரம்பத்திலேயே அடக்கத்தக்க பருவை, 'வயதுக் கோளாறு, தானே போய்விடும்' என ஒதுக்கும் மனப்பான்மை மாறுதல் வேண்டும். பரு போய்விடலாம், அது விட்டுச்செல்லும் வடு போவதில்லை.