உப்புக் கிணறும் தைப்பட்ட நாற்றும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். தமிழ்நாடு முழுக்க அது சரி. ஆனால் ராதாபுரம், வள்ளியூர், பணகுடி பக்கம் ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வரும். காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம். இளம் நாற்றுக்குக் கஷ்ட காலம். மேற்கு மலையின் மழை மறைவில் இருக்கிற நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மழையில் ஊறின கிணறு தை, மாசியில் கொஞ்சம் தெளிச்சியாக இருக்கும். காற்றும் அடங்கியிருக்கும். காய்கறிக்கு நம்ம பக்கத்து வாய்ப்பு இந்த இடைவெளிதான்.

இடைவெளி என்று ஏன் சொல்கிறேன் என்றால், முன்னும் பின்னும் கெடு இருக்கிறது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், பிஞ்சு பிடிக்காது. தை முதல் வாரம் பாவினால் மாசி பிறக்கும்போது நடலாம், பங்குனி தொடக்கத்தில் பூ வரும், சித்திரையில் பறிக்கலாம். அதையே மாசியில் பாவினால் பூ சரியாகச் சித்திரை வெயிலில் வந்து மாட்டிக்கொள்ளும். ஒரு மாசம் தள்ளிப்போனால் விளைச்சலில் பாதி போன மாதிரிதான். கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் ஆகும் என்பதால் இவை இரண்டையும் மார்கழிக் கடைசியிலேயே பாவிவிட வேண்டும். வெண்டை, கொத்தவரை, பூசணி, பாகல், கீரை எல்லாம் நேரடியாக விதைப்பவை, நாற்றங்கால் வேண்டாம்.

புதிதாக விவசாயத்துக்கு வருகிற தம்பிமார் யூடியூபில் வெள்ளைக்காரர் வீடியோ பார்த்துவிட்டு வந்து, நாற்றுக்கு விளக்கு வைக்கணுமா, அடியில் சூடு கொடுக்கணுமா என்று கேட்கிறார்கள். அங்கே பிப்ரவரி, மார்ச்சில் வெளியே பனி உறையும். அதனால் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் விதை முளைக்க வைக்கிறார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் 25 முதல் 30 டிகிரியில் நன்றாக முளைக்கும். அந்தச் சூட்டை நமக்குச் சூரியன் சும்மா தருகிறது. நாம் கொடுக்க வேண்டியது நிழலும், அளவான ஈரமும், நல்ல தண்ணீரும்தான்.

தண்ணீரைச் சோதியுங்கள்

நல்ல தண்ணீர் என்பதுதான் இங்கே சிக்கல். கடலை நெருங்க நெருங்கக் கிணறு உப்புக் கரிக்கிறது. வளர்ந்த செடி ஓரளவு தாங்கும். முளைக்கிற விதையும் இரண்டு இலை நாற்றும் தாங்காது. மண், நீர் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே விதையில் இருபது எண்ணி ஈரத்துணியில் மடித்துக் கிணற்றுத் தண்ணீரில் நனையுங்கள். இன்னொரு இருபதை மழைநீரில் நனையுங்கள். பத்து நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். மழைநீரில் பதினாறும் கிணற்று நீரில் ஒன்பதும் முளைத்திருந்தால், குறை விதையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டிலும் குறைவு என்றால் விதை பழசு. சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு தக்காளி, கத்தரிக்கு நூற்றுக்கு 70, மிளகாய்க்கு 60. அதற்குக் கீழே போனால் அந்த விதையை நம்பி நாற்றங்கால் போட வேண்டாம்.

தண்ணீர் உப்பு என்றால் நாற்றுக்கு மட்டும் மழைநீர் போதும். 500 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை விழுந்தால், சிந்தினது சிதறினது போகக் கையில் 3,500 லிட்டர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது கிடைக்காத வருஷம் குறைவு. ஒரு ஏக்கர் நாற்றுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 25 நாளைக்கு 2,500 லிட்டர். மூடி போட்ட தொட்டி ஒன்று இருந்தால் தீர்ந்தது.

கணக்கு

வங்கியில் வேலை பார்த்த பழக்கம், கணக்கு போடாமல் எனக்கு ஓடாது. இரண்டுக்கு இரண்டு அடி இடைவெளியில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 11,000 செடி. நாற்று ஒன்று ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் 11,000 ரூபாய். அதை நாமே வளர்த்தால்? ஒரு கிராமில் சுமார் 300 தக்காளி விதை இருக்கும். நூற்றுக்கு 70 முளைப்பு என்றால் 50 முதல் 55 கிராம் விதை போதும். மேட்டுப்பாத்திக்கு 150 கிராம் வரை சொல்வார்கள், ஏனென்றால் நெருக்கத்திலும் அழுகலிலும் பாதிக்கு மேல் போய்விடும். 98 குழித்தட்டு 115 வாங்கினால் விதை மூன்றில் ஒரு பங்காகிவிடும். தட்டு பல வருஷம் வரும். தட்டுக்குக் காசு இல்லையா, சிரட்டையில் ஓட்டை போட்டு வீட்டுத் தோட்டத்துக்குத் தாராளமாக வளர்க்கலாம்.

ஊட்டக்கலவைக்கு மக்கின தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள். நார்க்கழிவை முதலில் மழைநீரில் அலசுங்கள், அதிலும் உப்பு உண்டு. பாத்திதான் என்றால் ஏக்கருக்கு ஒரு சென்ட் போதும். மூன்றடி அகலம், அரையடி உயரம், செம்மண்ணோடு குளத்து வண்டலும் மக்குன தொழுவுரமும்.

விதை நேர்த்தியும் அழுகலும்

பீஜாமிர்தம் சிறிய அளவில் போதும். அரைக்கிலோ நாட்டுமாட்டுச் சாணத்தைத் துணியில் கட்டி 2 லிட்டர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். அரை லிட்டர் கோமியம், 5 கிராம் சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை வரப்பு மண் சேருங்கள். ஒரு ராத்திரி கழித்து விதையை நனைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி கிடைத்தால் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் புரட்டலாம்.

நாற்று திடீரென்று தண்டோடு சாய்ந்து செத்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை செய்கிற வேலை. அதற்கு விருந்து வைப்பது நெருக்கமும் தேங்கிய ஈரமும். காலையில் பூவாளியால் ஒரு தரம் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். முளைக்கும் வரை வைக்கோல் மூடாக்கு, முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். மேலே பனையோலைப் பந்தல் நம்ம ஊருக்குப் போதுமான நிழல். சுற்றிலும் கொசுவலையைவிட நெருக்கமான நைலான் வலை கட்டினால் வெள்ளை ஈ வராது. அதோடு இலைச்சுருட்டு வைரஸும் வராது. நடுவதற்கு ஐந்து நாள் முன் பந்தலை விலக்கித் தண்ணீரைக் குறைத்தால் நாற்று வெயிலுக்குப் பழகும். வயலைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் முன்கூட்டியே போட்டால் காற்றும் தடுபடும், ஈயும் தடுபடும்.

மூலிகை

மல்லி சூடு தாங்காது. மாசியில் போட்டால் இலைக்கு மட்டும் போடுங்கள், 35 நாளுக்குள் பறித்துவிடுங்கள், விட்டால் பூத்துவிடும். விதையைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால்தான் சீராக முளைக்கும். வெந்தயம் அப்படியே போடலாம். துளசி விதை மிகப் பொடிசு. மணலில் கலந்து தூவி, மேலே மண் போடாமல் அழுத்தி விட்டால் போதும். புதினா, கற்பூரவல்லிக்கு விதை தேட வேண்டாம், தண்டே போதும்.

நம்ம மண்ணுக்கென்றே ஒரு மூலிகை உண்டு. அரபு நாட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்த நிலாவாரை. வியாபாரிகள் அவுரி என்பார்கள். சாயம் எடுக்கிற அவுரி வேறு. வெளிநாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெலி சென்னா' என்று நம்ம ஜில்லா பெயராலேயே ஏறியிருக்கிறது. வறட்சி தாங்கும், மலச்சிக்கல் மருந்துக்கு இலையும் காயும் ஏற்றுமதியாகும். தோல் கெட்டியான விதை. கரடுமணலோடு தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்து நேரடியாக விதைக்க வேண்டும். காய்கறிக்குத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துக்கு இதை யோசிக்கலாம்.

விதை யார் கையில்?

பயிர்க்கடன் மனுவில் விதை, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் செலவு வரி உண்டு. வீட்டு விதைக்கு வரி கிடையாது. செலவே இல்லாததை எந்த ஏட்டில் எழுதுவது? அதனாலேயே அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிட்டது. ஒட்டு ரக விதையை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் ஒரே மாதிரி வராது, தாய் ஒரு பக்கம் தகப்பன் ஒரு பக்கம் பிரியும். ஆகவே வருஷா வருஷம் கடை. நாட்டு ரகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் அச்சிட்ட பொட்டலமாக விற்கத்தான் கூடாது.

தொடங்குவதற்குத் தக்காளி எளிது, பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். நல்ல செடியில் நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பலோடு வையுங்கள். கத்தரி, மிளகாயில் தேனீ கலப்பு செய்யும். பூக்கும் முன் கிளைக்குக் கொசுவலைப் பை கட்டி அந்தக் காயை விதைக்கு விடுங்கள்.

இந்தச் சித்திரையில் முதல் பறிப்பில் நல்ல செடி பத்துக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த மார்கழிக்கு விதை வீட்டிலேயே இருக்கும். கூடுதலாக இருந்தால் உழவர் கூட்டத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டு வாருங்கள், மாற்றிக்கொள்வோம்.