வலிப்பு வருமுன் மூளையில் நடப்பது

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலமாக அடிபட்ட ஒருவர் குணமாகி வேலைக்கும் போய்விடுகிறார். ஓராண்டு கழித்துத் திடீரென்று அவருக்கு வலிப்பு வருகிறது. "முனி அடித்துவிட்டது" என்று லயத்தில் பேச்சுக் கிளம்புகிறது. வாசகர்களே, அந்த ஓராண்டும் அவர் மூளை சும்மா இருக்கவில்லை.

நரம்புச் செல்களைத் தூண்டிவிடும் ரசாயனம் குளூட்டமேட். அடக்கி வைப்பது காபா. இரண்டும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. பலத்த அடி பட்டால் சில செல்கள் மடிகின்றன, அழற்சி உண்டாகிறது. பிழைத்த செல்கள் புதுக் கிளைகளை நீட்டி, சேரக்கூடாத இடத்தில் போய்ச் சேருகின்றன. பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறதல்லவா? அதுபோலத்தான். இன்னொரு விந்தையும் உண்டு. செல்லுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் புரதம் குறைந்துபோகிறது. குளோரைடு உள்ளே தேங்கினால், அடக்க வேண்டிய காபாவே சில செல்களைத் தூண்டத் தொடங்குகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி பாய்வது போல!

தலையில் அடிபட்ட எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. ஆனால் மூளை இப்படி மாறக்கூடியது என்பதை, கனடாவில் கோடார்ட் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எலியின் மூளைக்குத் தினமும் சிறிதளவு மின்சாரம் கொடுத்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. நாளடைவில் அதே அளவுக்கே எலி துடித்து விழுந்தது. நெடுநாள் நிறுத்திவிட்டுக் கொடுத்தபோதும் வலிப்பு வந்தது. மூளை வலிப்பைப் பாடம் பண்ணிக்கொண்டுவிட்டது. (ஆசிரியனான எனக்கே பிடிக்காத பாடம் இது!)

இந்த மாற்றத்தை மாத்திரையால் தடுக்க முடியாதா? அமெரிக்காவில் கடுமையாகத் தலையில் அடிபட்டவர்களுக்கு ஃபெனிட்டாயின் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவு இது: முதல் வாரத்து வலிப்புகள் குறைந்தன; பிற்காலத்தில் வருவதைத் தடுக்க முடியவில்லை. ஆக, மாத்திரை வலிப்பை அடக்குகிறது. உள்ளே நடந்த மாற்றத்தைத் திருத்துவதில்லை. முறையாகச் சாப்பிட்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். "மூன்று மாதமாக வரவில்லையே" என்று தாமாக நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கமும் போகவில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் தானாக நிற்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. சாவியைத் தேடுகிற நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.