கைப்பேசியின் துளையில் அடைந்த பஞ்சு

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் தில்லியில் நாம் பட்ட ஓர் அல்லலே இந்தப் பேச்சுக்குக் காரணம். ஓரிரவு கைப்பேசியைச் சார்ஜரில் மாட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு, ரஜாய்க்குள் புகுந்து உறங்கிப் போனோம். காலையில் பார்த்தால் கருவி உயிரற்றுக் கிடந்தது. அன்றிரவு ஊரில் நம் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டிருக்கிறது. மருத்துவமனை வாசலிலிருந்து தங்கை பதினோரு முறை அழைத்திருக்கிறாள். பிற்பகலில் அலுவலகத் தொலைபேசி வழியாகத்தான் நமக்குச் செய்தி கிடைத்தது. தாயார் தேறிவிட்டார், எனினும் அந்தப் பதினோரு அழைப்புகளை நம்மால் இன்றும் மறக்க முடியவில்லை.

கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கருவியைக் கொண்டுபோய்க் காட்டினோம். பேட்டரி போய்விட்டது, உள்ளே உள்ள பலகையையும் மாற்றவேண்டும், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றார். பூட்டைத் திறக்கும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் விட்டுச் செல்லும்படி சொன்னார். வங்கிக் கணக்கும் ஊருக்குப் பணம் அனுப்பும் வழியும் அதற்குள்ளேயே இருக்கையில், அறியாதவர் கையில் எப்படி ஒப்படைப்பது? தயங்கித் திரும்பினோம். மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் டார்ச் விளக்கடித்துத் துளைக்குள் பார்த்தார். சீவிய மூங்கில் குச்சியால் மெல்ல வருடினார். எள்ளைவிடப் பெரிதாய், உளுந்தைவிடச் சிறிதாய் ஒரு பஞ்சுத் திரணை வெளியே வந்தது. நம் கால்சட்டையின் நீலமும் ரஜாயின் வெண்மையும் அதில் கலந்திருந்தன. அதன்பின் கருவி முன்போலவே மின்னேறிற்று.

ஆங்கிலத்தில் இந்தத் துளைக்குப் ‘போர்ட்’ என்று பெயர். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றில் இது ‘துறைமுகம்’ ஆகியிருந்ததை ஒருமுறை நாமே திருத்தியிருக்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது சிரிப்பைத் தந்தாலும், வந்து சேரும் சரக்கெல்லாம் தங்கும் இடம் என்ற அளவில் பொருத்தமாகவும் பட்டது. இங்கே சார்ஜ் துளை என்றே சொல்வோம்.

இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது சி வகைத் துளை. 2014-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அமைப்பு இது. நம் நாட்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதற்கெனத் தரநிலை வெளியிட்டிருப்பதை 2023 ஜனவரியில் அறிவித்தது. துளையின் நடுவே மெல்லிய நாக்குப் போன்ற ஒரு தகடு நிற்கும். அதன் இருபக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக இருபத்துநான்கு சிறு தொடுமுனைகள் உண்டு. நாக்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டைப்பையில் உதிரும் நூல்துகள் இந்தச் சந்துக்குள் நுழைகிறது. நாம் நாள்தோறும் கேபிளைச் செருகும்போது, உலக்கையால் இடிப்பதுபோல் அதைப் பின்சுவரில் வைத்துக் கெட்டிக்கிறோம். பல மாதங்களில் அது கம்பளித் துண்டுபோல் இறுகிவிடும்; தலைகீழாய்த் தட்டினாலும் விழாது. தில்லியின் கோடைப் புழுதியும், கட்டட வேலை செய்வோர்மீது படியும் தூசியும், தறிக்கூடத்துப் பஞ்சும் அத்துடன் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை.

முடிவு என்னவெனில், கேபிளின் முனை கடைசி இம்மியளவு உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. இரு முனையும் சி வகையான கேபிளில், எதிரே கைப்பேசி இருப்பதை அறிவிக்கும் தொடுமுனை சரியாகப் பொருந்தினாலன்றிச் சார்ஜர் மின்சாரத்தையே விடுவதில்லை. ஆகையால் பார்வைக்குச் செருகியிருக்கும், மின்சாரமோ ஏறாது. சில வேளைகளில் ஏறும், கை பட்டால் நிற்கும். நமக்கு அன்றிரவு நேர்ந்தது இதுவே.

பேட்டரியைக் குறைசொல்லும் முன் சில அடையாளங்களைப் பார்க்கவேண்டும். செருகும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஒலி இல்லாமல் முனை தளதளவென ஆடுகிறதா? செருகிய பின்னும் முனையின் உலோகம் சிறிது வெளியே தெரிகிறதா? ஒருபுறம் செருகினால் ஏறி, திருப்பிச் செருகினால் ஏறாமலிருக்கிறதா? வேறு கேபிளும் வேறு சார்ஜரும் கொண்டு சோதித்தும் இதே நிலை என்றால், துளைக்குள் விளக்கடித்துப் பார்ப்பது நலம். பின்சுவர் தெளிவாகத் தெரியவேண்டும். சாம்பல் நிறத்தில் ஏதேனும் மெத்தென்று தெரிந்தால் அது பஞ்சுதான்.

சுத்தம் செய்வது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் சார்ஜரைக் கழற்றிக் கைப்பேசியை முழுவதும் அணைத்துவிடவேண்டும். பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளலாம். சீவாத குச்சி சந்துக்குள் நுழையாது. வற்புறுத்தினால் நாக்கை ஒடித்துவிடும். ஊரிலிருந்து தென்னந்துடைப்பம் கொண்டுவந்திருப்போர் ஈர்க்குச்சியின் பருத்த பகுதியைச் சீவியும் செய்யலாம். ஆனால் காய்ந்த நுனி உள்ளே ஒடிந்து தங்கிவிடக்கூடும் என்பதால் நாம் மூங்கிலையே விரும்புகிறோம். துளை கீழ்நோக்கி இருக்கும்படி கருவியைப் பிடித்து, குச்சியை நாக்கின்மேல் ஊன்றாமல் வெளிச்சுவரை ஒட்டி உள்ளே செலுத்தி, மூலையிலிருந்து வெளிநோக்கி மெல்ல இழுக்கவேண்டும். குத்தக்கூடாது, நெம்பவும் கூடாது. முதல் முறை ஒன்றும் வராது. நாலைந்து முறைக்குப் பின் திரண்டு வரும். கேபிள் முனையின் உட்குழிவிலும் இதே பஞ்சு இருக்கும். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

குண்டூசி, ஊக்கு, சிம் எடுக்கும் ஊசி ஆகியவற்றை எடுக்கவே வேண்டாம். அணைத்த கைப்பேசியிலும் பேட்டரி இணைப்பிலேயே இருக்கிறது. உலோக நுனி இரண்டு தொடுமுனைகளை ஒருங்கே தொட்டால் கருவிக்குக் கேடு. முனையின் பூச்சும் கீறிப்போகும். வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதில் எச்சில் ஈரம் உள்ளே போகிறது. தூசியும் இன்னும் ஆழமாய்ப் போகிறது. அழுத்தக் காற்றுக் குப்பியையும் சில தயாரிப்பாளர்கள் வேண்டாமென்றே சொல்கின்றனர்.

மும்பை மழையில் நனைந்து வந்து, கருவி ஈரமென்று எச்சரித்தால் அது வேறு விஷயம். துளை கீழ்நோக்க மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் வைத்தால் போதும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிசியின் தவிடும் துகளும் துளைக்குள் சேர்ந்து, இருக்கும் பஞ்சுக்குத் துணையாகும். ஐபோன் நிறுவனமே 2024-இல் இதை வேண்டாமென்று அறிவுறுத்தியது.

துளைக்குள் கருகல் நாற்றம், பச்சைக் களிம்பு, வளைந்த தொடுமுனை இவற்றுள் எது தெரிந்தாலும், கருவியின் முதுகு உப்பியிருந்தாலும் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தயாரிப்பாளரின் சேவை மையத்தை நாடுவதே சரி. அங்கும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “துளையைச் சுத்தம் செய்து பார்த்தீர்களா?” என்பது. எண்ணை எழுதிக் கொடுக்கவேண்டிய வேலையில்லை. நம் கண்ணெதிரே செய்யக்கூடியது, ஐந்து நிமிடத்தில் முடியும்.

இப்போது நாம் இரவில் கைப்பேசியை ரஜாய்க்கு அருகில் வைப்பதில்லை. பஞ்சோடு சூடும் அதற்கு ஆகாது. மேசைமேல் வைத்து, முனையை அழுத்தி ‘டக்’ ஒலி கேட்டு, திரையில் மின்னேறும் குறி தோன்றுவதைப் பார்த்த பிறகே விளக்கை அணைக்கிறோம்.