அடுக்களைச் செலவைக் குறைக்கும் வழி: சிலிண்டரா, மின்சாரமா, சாண எரிவாயுவா?

ரப்பர் ஷீட்டின் அன்றைய விலை என்ன, தேங்காய் கிலோ என்ன விலைக்குப் போகிறது, பொட்டாஷ் உரம் மூட்டை என்ன விலை என்பவற்றைத் திற்பரப்பு, குலசேகரம் பகுதி விவசாயிகள் கேட்டவுடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் தம் வீட்டு அடுக்களையில் எரியும் எரிபொருளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பதில் சொல்லுவோர் சிலரே. தோட்டத்திற்குக் கணக்கு நோட்டு இருக்கிறது, அடுக்களைக்கு இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் மாதம் ஒரு சிலிண்டர் எரித்தால் ஆண்டுக்கு 12 சிலிண்டர். அதனுடன் மின் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒரு பசுவுக்கு வாங்கும் தீவனச் செலவோடு ஒப்பிடத்தக்க தொகை வருவதைக் காணலாம். பால்வெட்டு நின்றுபோகும் மழை மாதங்களில் இத்தொகையே குடும்பத்திற்குப் பெரும் பாரமாகிறது. எனவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நிறுவனத்தை மாற்றினால் விலை குறையுமா?

மேல்நாடுகள் சிலவற்றில் ஒரே தெருவில் பல மின்சார நிறுவனங்களும் எரிவாயு நிறுவனங்களும் போட்டியிட்டு விற்கின்றன. அங்குள்ளோர் விலைப்பட்டியலை ஒப்பிட்டு, மலிவாகத் தருபவரிடம் மாறிக்கொள்கின்றனர். நம் நாட்டில் நிலைமை வேறு. வீட்டுச் சிலிண்டரை இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் ஆகிய மூன்று பொதுத்துறைப் பெயர்களில் பெறுகிறோம். ஒரே ஊரில் இம்மூன்றுக்கும் வீட்டு உபயோக விலை பெரும்பாலும் ஒன்றே. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும் வசதி 2013-14-ஆம் ஆண்டுகளில் ஏற்படுத்தப்பட்டது. விநியோகஸ்தர் காலத்தில் சிலிண்டர் தராவிடில் இவ்வசதி பயன்படும், பணம் மிச்சமாகாது.

மின்சாரத்தில் அந்த வசதியும் இல்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது அரசு நிறுவனம் ஒன்றே. நமக்கு மேலே கோதையாற்று நீர், மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு இறங்கிவந்து திற்பரப்பில் அருவியாக விழுகிறது. ஆயினும் நம் வீட்டு யூனிட்டின் விலையும் சென்னை வீட்டு யூனிட்டின் விலையும் ஒன்றுதான். ஆகவே ஒப்பிட வேண்டியது நிறுவனங்களை அன்று, எரிபொருள்களை.

ஒரு சிலிண்டருக்கு எத்தனை யூனிட்?

ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 10,900 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. நல்ல அடுப்பில் அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 65 பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. இதன்படி 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து நமக்குப் பயன்படுவது ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோ கலோரி உண்டு. இண்டக்ஷன் அடுப்பில் அதில் நூற்றுக்கு 85 பங்கு பாத்திரத்தைச் சேர்வதாகக் கொள்ளலாம். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய இண்டக்ஷன் அடுப்புக்குச் சுமார் 138 யூனிட் தேவை. கம்பிச்சுருள் அடுப்பானால் சுமார் 165 யூனிட் ஆகும்.

இந்த 138 என்ற எண்ணை நினைவில் கொள்ளுங்கள். வீட்டில் சிலிண்டர் கொடுத்த விலையை 138-ஆல் வகுத்தால் வருவது உங்கள் 'சம விலை'. சான்றாக, சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சம விலை ரூ. 6.50 ஆகும். யூனிட் இதற்குக் கீழே கிடைத்தால் மின் அடுப்பு லாபம். மேலே போனால் சிலிண்டரே லாபம். சிலிண்டர் விலை நிலையானதன்று. 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. விலை மாறும்போதெல்லாம் இந்த வகுத்தலை மறுபடி செய்துகொள்ள வேண்டும்.

மின் கட்டணத்தின் படிக்கட்டு

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகின்றனர். மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட் நாலு ரூபாய்தானே ஆகிறது" என்று எண்ணி மின் அடுப்பை வாங்கிவிடுகின்றனர். நம் கட்டணம் படிக்கட்டு போன்றது. புதிதாகச் சேரும் யூனிட்டுகள் கீழ்ப்படியில் உட்காருவதில்லை, மேல்படியில்தான் ஏறுகின்றன.

2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நிர்ணயிக்கப்பட்ட விகிதம், அரசு மானியத்தைக் கணக்கில் கொள்ளாமல், 400 யூனிட் வரை ரூ. 4.80, 401 முதல் 500 வரை ரூ. 6.45, 501 முதல் 600 வரை ரூ. 8.55, 601 முதல் 800 வரை ரூ. 9.65. இதுவன்றி, 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையின்படி, 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடுகிறது. இந்த விகிதங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், கணக்குப் போடும் நாளில் நடப்பிலுள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்க. கணக்கின் முறை மாறாது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மாதம் ஒரு சிலிண்டர், அதாவது இரண்டு மாதத்திற்கு 1,800 ரூபாய் செலவிடுகின்றன. இரண்டும் முழுச் சமையலையும் மின் அடுப்புக்கு மாற்றினால் இரண்டு மாதத்திற்கு 276 யூனிட் கூடும்.

முதல் வீடு இதுவரை 120 யூனிட் எரித்தது. இனி 396 யூனிட். கூடிய 276 யூனிட்டும் ரூ. 4.80-க்கு உட்பட்டவை, மிகுந்தால் 1,325 ரூபாய். இரண்டு மாதத்திற்கு 475 ரூபாயாவது மிச்சம்.

இரண்டாம் வீட்டில் கிணற்று மோட்டார், குளிர்சாதனப்பெட்டி எல்லாம் உண்டு. இதுவரை 380 யூனிட். இனி 656 யூனிட். கூடிய யூனிட்டுகளில் 20-க்கு 96 ரூபாய், அடுத்த 100-க்கு 645, அதற்கடுத்த 100-க்கு 855, மீதி 56-க்கு 540. ஆக மொத்தம் 2,136 ரூபாய். சிலிண்டரைவிட 336 ரூபாய் நஷ்டம். சலுகை இழப்பு தனி. ஒரே அடுப்பு, ஒரே சமையல். ஒரு வீட்டுக்கு லாபம், மற்றொரு வீட்டுக்கு நஷ்டம். இரண்டாம் வீட்டார் காலையில் தேநீர், பால், முட்டை போன்றவற்றுக்கு மட்டும் மின் அடுப்பைப் பயன்படுத்தி 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே நலம்.

மின் அடுப்பு வாங்குவோர் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரமே இதில் சூடேறும். மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் உதவா. 2,000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. மேலும், 2017 நவம்பர் 30-ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயலை நம் மாவட்டம் மறக்க இயலாது. ரப்பர் மரங்களோடு மின் கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அடுக்களை முழுவதையும் ஒரே கம்பியில் தொங்கவிடுவது விவேகமன்று.

தொழுவத்தில் இருக்கும் எரிவாயு

மாடு வைத்திருப்போருக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. அதுவே சாண எரிவாயு. 25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஒரு கனமீட்டர் எரிவாயு கிடைக்கும். ஒரு கனமீட்டர், 0.43 கிலோ சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். மாதத்திற்குச் சுமார் 13 கிலோ. அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுச் சிலிண்டர்! இரண்டு கலப்பினப் பசுக்களைக் கட்டிவைத்து வளர்த்தால் இந்த 25 கிலோ கிடைத்துவிடும்.

மழைக் காலத்தில் வாயு குறைவது, சில நாள் சாணம் குறைவது முதலியவற்றை நினைத்து முக்கால் பங்கையே கணக்கில் எடுப்போம். அப்போதும் மாதம் 9 முதல் 10 கிலோ வரை மிச்சமாகிறது. மாதம் ஒன்று வாங்கிய சிலிண்டர் மூன்று மாதம் வரும். ஆண்டுக்கு 12-க்குப் பதில் 4 போதும். 8 சிலிண்டரின் விலை, மேற்சொன்ன கணக்கில் 7,200 ரூபாய். கலம் கட்ட ஆகும் செலவில் மானியம் போக நின்றதை இத்தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது தெரியும்.

கலங்களில் இருவகை பழக்கத்தில் உள்ளன. மிதக்கும் டிரம் உள்ள கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் வகை 1960-களிலிருந்து பரவியது. நிலத்துக்குள் செங்கல்லால் கட்டும் குவிமாட வகையான 'தீனபந்து' 1984-இல் வந்தது. இரும்பு டிரம் இல்லாததால் நம் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும் கவலை தீனபந்துக்கு இல்லை. ஆனால் குவிமாடம் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். மயிரிழை வெடிப்பும் வாயுவைக் கசியவிடும்.

நம் பகுதிக்கெனக் கவனிக்க வேண்டியவை:

1. வெயில் விழும் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுக்கவும். ரப்பர் மர நிழலும் தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஆகா. குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்கட்டும்.

2. சாணமும் தண்ணீரும் சம அளவில் கட்டியில்லாமல் கரைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஊற்றவும். தொழுவம் கழுவும்போது பினாயில், சோப்பு நீர் கலத்துக்குள் போகக் கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

3. குழாயில் தேங்கும் நீரை வாரமொருமுறை வெளியேற்றவும். அடுப்பு, சாண எரிவாயுவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் துளை இதற்குப் பொருந்தாது.

4. வெளிவரும் கழிவுச் சேற்றை வீணாக்க வேண்டாம். சாணத்திலுள்ள தழைச்சத்து இதில் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. வாழைக்கும் தென்னைக்கும் நேரே விடலாம். காய்ந்த சருகோடு சேர்த்து மக்க வைத்தும் இடலாம்.

ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளில், பால் உறைந்தபின் வடியும் புளித்த நீர் நாற்றமெடுத்து அண்டை அயலாரோடு மனத்தாங்கலை உண்டாக்குவதுண்டு. அந்த நீரிலும் எரிவாயு உண்டாக்கும் சத்து இருக்கிறது. சாணத்தால் கலம் நன்கு ஓடத் தொடங்கியபின், கரைக்கும் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிறுகச் சிறுக இதைச் சேர்க்கலாம். அமிலம் மிகுந்தால் வாயு நின்றுவிடும். அப்போது சில நாள் சாணக் கரைசல் மட்டும் விட்டால் சரியாகும்.

மாடு இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் உருவாக்கிய 'சக்தி சுரபி' என்னும் கலம் அடுக்களைக் கழிவு, சோற்று நீர், காய்கறித் தோல் ஆகியவற்றால் ஓடுவது. ஆனால் சிறு குடும்பத்தின் கழிவு மட்டும் முழுச் சமையலுக்குப் போதாது. அக்கம்பக்கத்துக் கழிவும் கிடைத்தால்தான் பயன் முழுமையாகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள்தோறும் சாணம் கரைக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. அவர்களைக் கேளாமல் கலம் கட்ட வேண்டாம். ஓரிரு ஆண்டில் மாட்டை விற்கும் எண்ணம் இருந்தாலும் கட்ட வேண்டாம். சாணம் இல்லாத கலம் வெறும் குழிதான்.

விறகைத் தள்ள வேண்டாம், இடம் மாற்றுங்கள்

ஒரு சிலிண்டர் தரும் வெப்பத்தைப் பழைய விறகடுப்பில் பெற ஏறத்தாழ 270 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். புகைபோக்கியுள்ள மேம்பட்ட அடுப்பில் இதில் பாதி போதும். புகை பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பதால், மூடிய அடுக்களையில் விறகு எரிப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஆனால் குளிக்கும் வெந்நீருக்கு விறகே ஏற்றது. 20 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடாக்க 56 கிராம் எரிவாயு செலவாகும். கேட்பதற்குச் சிறிது, ஐந்து பேருக்கு ஒரு மாதத்திற்கு எட்டரை கிலோ, அதாவது பாதிச் சிலிண்டருக்கும் மேல்! இவ்வேலையை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில், தோட்டத்தில் விழும் சுள்ளி, சிரட்டை, தென்னை மட்டை ஆகியவற்றைக் கொண்டு செய்தால் ஒரு காசும் செலவில்லை.

காசில்லாத சிக்கனம்

நம் பகுதிப் புழுங்கலரிசியும் மரச்சீனிக் கிழங்கும் வேக நேரம் பிடிப்பவை. அரிசியை அரை மணி நேரம் ஊறவைப்பதும், குக்கரிலோ மூடிய பாத்திரத்திலோ வேகவைப்பதும், கொதி வந்ததும் தீயைக் குறைப்பதும் எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று பொருள், கழற்றிக் கழுவவும். சிலிண்டர் வரும்போது அதன்மேல் பொறித்த வெற்று எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டி, எடை போட்டு வாங்கவும். இது உங்கள் உரிமை.

விவசாயப் பெருமக்கள் இன்றே ஒரு தாளை எடுத்து, கடைசி மின் கட்டணத்திலுள்ள யூனிட், சிலிண்டர் வந்த தேதிகள், தொழுவத்தில் ஒரு நாள் விழும் சாணத்தின் எடை ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த மின்சாரம் எரிக்கும் வீட்டுக்கு மின் அடுப்பு, இரண்டு மாடுள்ள வீட்டுக்குச் சாண எரிவாயு, இரண்டும் இயலாத வீட்டுக்குச் சிலிண்டரோடு சிக்கனம் என்று அத்தாளே வழி சொல்லும். கலம் கட்ட விரும்புவோர், மானியம் நடப்பில் உள்ளதா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், தொழில்நுட்ப விவரங்களைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறிந்து, அதன்பின் குழி தோண்டுவது நலம்.