யோசனைக்கு வேலி போடும் என்ஜினீயர்!

வயலுக்கு வேலி உண்டு. வீட்டுக்குப் பூட்டு உண்டு. மூளையில் உதித்த யோசனைக்கு என்ன காவல்?

அதற்கும் ஒரு வேலி உண்டு. அதுதான் "பேட்டண்ட்". காப்புரிமை என்றும் சொல்வார்கள். கண்டுபிடித்தவருக்கு அந்த வேலியைப் போட்டுக் கொடுப்பவர் "பேட்டண்ட் ஏஜெண்டு". இந்தத் தொழிலில் என்ஜினீயர்கள் பலர் இருக்கிறார்கள்.

பங்கா இழுத்த எந்திரம்

இந்தியாவில் இதற்கான சட்டம் 1856-ம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு மார்ச் 3-ந் தேதி முதல் மனுவைக் கொடுத்தவர், கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற என்ஜினீயர்.

மின்விசிறி இல்லாத காலம் அது. கூரையில் தொங்கும் பங்காவை ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றால் இழுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்ய அவர் ஓர் எந்திரம் கண்டுபிடித்திருந்தார்.

அந்தச் சட்டம் 14 ஆண்டு உரிமை தந்தது. இப்போது, மனு கொடுத்த நாளில் இருந்து 20 ஆண்டு.

முதல் கேள்வி

ஒருவர் தேங்காய் உரிக்கப் புதுக் கருவி ஒன்று செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்டிடம் போகிறார். ஏஜெண்டு கேட்கும் முதல் கேள்வி: "இதை வெளியே யாரிடமாவது காட்டினீர்களா?"

சந்தையில் விற்றுவிட்டாலோ, பத்திரிகையில் படம் போட்டுவிட்டாலோ அது "புதியது" அல்ல என்று மனு தள்ளுபடி ஆகலாம். பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வீணாகிவிடும்!

வேலை முழுவதும் முடியாவிட்டாலும் கவலை இல்லை. தற்காலிக விவரம் எழுதி முதலில் மனு கொடுக்கலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும்.

மஞ்சள் வழக்கு

ஊருக்கே தெரிந்த விஷயத்துக்குப் பேட்டண்ட் கிடையாது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ம் ஆண்டு அமெரிக்காவில் பேட்டண்ட் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வைத்தியம் இது! இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைக் காட்டி வாதாடியது. 1997-ம் ஆண்டு அந்தப் பேட்டண்ட் ரத்தானது.

அதனால்தான் மனு எழுதும் முன்பு ஏஜெண்டு பழைய பேட்டண்டுகளையும் புத்தகங்களையும் துருவிப் பார்க்கிறார்.

எழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

"இரண்டு கத்தி உள்ள கருவி" என்று மட்டும் எழுதினால், இன்னொருவர் மூன்று கத்தி வைத்துத் தப்பிவிடக்கூடும். "தேங்காய் உரிக்கும் எல்லாக் கருவியும் எனக்கே" என்று எழுதினால் ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அளவு பார்த்து வேலி போடவேண்டும். எந்திரமும் தெரியவேண்டும், சட்டமும் தெரியவேண்டும்.

ஏஜெண்டு ஆக, 21 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். விஞ்ஞானம் அல்லது என்ஜினீயரிங் பட்டம் வேண்டும். சர்க்கார் நடத்தும் பரீட்சையிலும் தேறவேண்டும். ஆண், பெண் இருபாலரும் எழுதலாம். சென்னை பேட்டண்ட் ஆபீஸ் கிண்டியில் இருக்கிறது.

ஊருக்கும் லாபம்

கருவியைச் செய்யும் விதத்தை மனுவில் ஒளிக்காமல் எழுதவேண்டும் என்பது சட்டம். 20 ஆண்டு முடிந்தால் வேலி விழுந்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்கலாம்.

பட்டறையில் புதிதாக ஏதாவது செய்து வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் மனு, பிறகுதான் தம்பட்டம்!